பீங்கான் ராஜாக்களும் மங்கலம்பேட்டை கேமராவும்

காலை ஆறு பத்து. விருத்தாசலம் சந்திப்பில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை தும்பிக்கைகள். பார்சல் தள்ளுவண்டியில் பீங்கான் யானைகளை வைக்கோல் சுற்றி அடுக்கியிருந்தார்கள். உடம்பு மறைந்துவிட்டது, தும்பிக்கைகள் மட்டும் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு நின்றன. எண்ணினேன்: நாற்பது. நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வண்டியைத் தள்ளி வந்தவர் முன்வரிசைத் தும்பிக்கை ஒன்றில் தன் சாப்பாட்டுத் தூக்கை மாட்டியிருந்தார்.

படம் எடுக்கக் கேமராவை வெளியே எடுப்பதற்குள் வண்டி போய்விட்டது. என்னுடையது ரேஞ்ச்ஃபைண்டர், ஃபிலிம் போடுவது. லென்ஸ் வழியாகப் பார்க்காமல் மேல் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்த்து எடுக்கும் வகை. முப்பது வருடமாக என்னோடு இருக்கிறது. சில காலமாக நினைத்துக்கொண்டால் ஷட்டர் திறக்க மறுக்கிறது. துணைக்குச் சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குவது என்று ஆறு மாதத்துக்கு முன்பே தீர்மானித்தேன். தீர்மானித்ததிலிருந்து ஒரு நோட்டில் கட்டம் போட்டு, லென்ஸ், பேட்டரி, எடை, பொத்தானை அழுத்தியபின் எவ்வளவு நேரம் கழித்துப் படம் விழுகிறது என்றெல்லாம் குறித்து வருகிறேன். ஒரு பக்கம் நிரம்பும்போது அதிலுள்ள கேமராக்கள் கடையிலிருந்து மறைந்து, புதியவை வந்திருக்கும். நோட்டு முடிந்து இரண்டாவது நோட்டு ஆரம்பித்தாயிற்று.

நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்றுதான். கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை இருக்க வேண்டும். மெரினாவில் டிஜிட்டல் கேமராக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான பால் டம்ளரைப் போலக் கேமராவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கும் கடலை விட்டுவிட்டு, உள்ளங்கை அகலத் திரையில் கடலைப் பார்க்கிறார்கள்.

வந்த வேலை எளிது. தொழில்துறை மாத இதழ் ஒன்றுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை பற்றி ஆறு பக்கம், கறுப்பு வெள்ளைப் படங்களுடன். காலையில் இட்லி சாப்பிட்டேன். சென்னை இட்லியைவிட ஒரு சுற்றுப் பெரியது, சட்னி வேர்க்கடலை. தொழிற்பேட்டை வாசலில் டீ பிளாஸ்டிக் கப்பில் வந்தது. லாட்ஜில் முகம் கழுவும் தொட்டி எவர்சில்வர். பீங்கான் ஊரில் ஐந்து நாள் இருந்தேன். ஒரு வாய் டீகூடப் பீங்கானில் குடிக்கவில்லை.

தொழிற்பேட்டையில் யூனிட்டுகள் தனித்தனி, சூளை பொது. பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று அவரவர் செய்ததை அவரவர் முறை வரும்போது டிராலியில் அடுக்கிச் சூளைக்குள் அனுப்ப வேண்டும். டிராலி நிரம்பாவிட்டால் முறை பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும். கைவிட்டுப் போன முறை லேசில் திரும்பி வராது.

லூர்துமேரியை அன்றுதான் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். பொம்மை யூனிட் அவருடையது. ஸ்டேஷனில் பார்த்த கொலு யானைகளும் அவருடையவைதான். இந்த வருடம் புதிதாகக் கிறிஸ்துமஸ் குடில் செட் ஒன்று செய்திருந்தார். மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இரண்டு இடையர், சிறகு விரித்த ஒரு சம்மனசு, மாடு, கழுதை, ஆடு. மொத்தம் பன்னிரண்டு. நிற்பவர்கள் ஒரு சாண் உயரம். இன்னும் சூளைக்குப் போகாத பச்சை உருப்படிகள். பலகையில் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன.

“பத்திரிகைக்கு எடுக்குறத எடுங்க சார். அப்படியே எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

புதுச்சேரியில் ஒரு ஏற்றுமதிக்காரர் இந்த செட்டை வெளிநாட்டுக்கு அனுப்பக் கேட்டிருந்தார். சுட்டு முடித்திருந்த ஒரே சாம்பிள் செட்டைப் போன வாரமே லூர்துமேரி அனுப்பிவிட்டார்.

“பஸ்ஸு பார்சல்லதான் அனுப்புனேன். புதுச்சேரி போய்ச் சேர்றதுக்குள்ள மூணாவது ராஜாவுக்குக் கழுத்து போச்சு. அவரு போன் பண்ணி, உடையாத மாதிரி எதாச்சும் அனுப்புங்கம்மான்னாரு. எதுங்க உடையாதுன்னேன். போட்டோன்னாரு.”

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போட்டோ இமெயிலில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அவர் வடக்கே வேறு ஊரில் வாங்கிக்கொள்வார். நவராத்திரிக்குப் பிறகு யானை போகாது. குடில் ஆர்டரும் இல்லையென்றால் அடுத்த மாத டிராலி காலி. அதற்காகக் காத்திருப்பவர் பக்கத்து யூனிட் ஃபியூஸ்காரர். அவர் காத்திருப்பதை மறைப்பதும் இல்லை.

“ராஜா ஆர்டர் வரலன்னா சொல்லிடும்மா லூர்து” என்றார் டீக்கடையிலிருந்தபடியே. “என் ஃபியூஸுக்குக் கழுத்தே கெடையாது.”

ரேஞ்ச்ஃபைண்டரில் ஒரு ரோல் எடுத்தேன். ஷட்டர் மறுக்கவில்லை. டிராலி அடுக்கும் மேஸ்திரி செல்வராசு ஒவ்வொரு உருவத்தையும் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து உதவினார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இது கறுப்பு வெள்ளை ஃபிலிம், என் வீட்டுக் குளியலறையில் நானே கழுவ வேண்டியது, நான் வீட்டுக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை. கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கேட்டேன். “பிளாக் அண்ட் ஒயிட்டா?” என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மருந்து வாங்கியே ஆறு வருசம் ஆச்சு சார். கல்யாணத்துக்கெல்லாம் டிஜிட்டல்தான். நீங்க எந்த ஊரு?”

சென்னை என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

புதன்கிழமை மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். டிஜிட்டல் கேமரா வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர், டீக்கடைக்காரர், லாட்ஜ் மேனேஜர் மூவருமே சொன்னார்கள். மங்கலம்பேட்டையில் நிறைய வீடுகளில் ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கிறார். அவர் லீவில் வரும்போது கேமராவும் வரும், திரும்பும்போது அதைக் கடையில் விலைக்கு விட்டுப் போவார். பஸ் நிலையத்தில் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு அடி முன்னால், இரண்டு அடி பின்னால் என்று பதினொரு நிமிடம் புறப்பட்டுக்கொண்டே இருந்தார். “ஏறு ஏறு, வண்டி எடுத்தாச்சு” என்று கண்டக்டர் விடாமல் கத்தினார். வண்டி உண்மையிலேயே எடுத்தபோது யாரும் நம்பவில்லை. இரண்டு பேர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. கண்டக்டர் எதிரே வந்த பைக்கில் ஏறிப் பெல்ட் வாங்கப் போனார். நாங்கள் இறங்கிக் கரும்புக்கொல்லை ஓரம் நின்றோம். ஒரு அம்மாள் மடியிலிருந்து அவித்த வேர்க்கடலையை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். டிரைவருக்குக் கொடுக்கவில்லை.

“எனக்கு இல்லையா அத்த?” என்றார் டிரைவர்.

“வண்டிய முதல்ல ஓட்டு. அப்பறம் தின்னு.”

பெல்ட் வந்து மங்கலம்பேட்டை சேர்ந்ததும் எல்லாரும் கைகாட்டியது ஜமால் பாயின் கடையை. அங்கே சென்ட், போர்வை, டார்ச் லைட், தைலம், பேரீச்சை எல்லாம் இருந்தன. கேமராக்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பேரீச்சைக்குப் பக்கத்தில். மூன்று இருந்தன. நான் நோட்டை விரித்தேன். பாய் அதை மரியாதையுடன் பார்த்தார். பிறகு ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“இது துபாய் ரஃபீக்கோடது. நல்ல புள்ள. வெயில்ல வெளிய போகவே மாட்டான், கேமராவும் போயிருக்காது. இது ரியாத்ல டிரைவரா இருக்குற ஹனீஃபாவோடது. அவன் கொஞ்சம் முன்கோபி. கீழ போட்டிருந்தாலும் போட்டிருப்பான். இது குவைத் காசிம். கஞ்சன். நாலு படம் எடுத்திருந்தா அதிகம்.”

“லென்ஸ் என்ன பாய்?”

“லென்ஸ் எல்லாத்துலயும் இருக்குது சார்.”

என் நோட்டில் பதினான்கு கட்டங்கள். பாயிடம் ஒரே கட்டம்: யாருடையது. அரை மணி நேரத்தில் நானும் ஹனீஃபாவின் குணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ரஃபீக்கின் கேமராவில் திரை பெரியது, பளபளப்பு, பார்க்க ஓட்டை இல்லை. காசிமுடையது கொஞ்சம் தடிமன், திரை சின்னது, மேலே மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. கண்ணை வைத்தேன். பேரீச்சை தெரிந்தது. இதுதான் என்றேன்.

“அந்த ஓட்டை எதுக்கு சார்? பின்னாடி டிவியே இருக்குதே.”

“எனக்கு டிவி வேண்டாம் பாய்.”

“ஓட்டை வழியாப் பாக்குறவரு நீங்கதான் முதல் ஆளு” என்றபடி துடைத்துக் கொடுத்தார்.

கேமராவின் மெனு முழுக்க அரபியில் இருந்தது. பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாக, சுத்தமாக, உரக்க வாசித்தார். நான் அர்த்தம் கேட்டேன். “வாசிச்சுடுவேன் சார். அர்த்தம் மட்டும் கேக்காதீங்க” என்றார். போர்வை வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, இரண்டு பொத்தானை அழுத்தி, மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் போர்வைக்கே திரும்பிப் போனார். பதினைந்து வருடம் சவூதியில் இருந்தவராம்.

காசிம் கஞ்சன் என்பது மெமரி கார்டில் தெரிந்தது. ஒன்பது படங்கள்தான் கொள்ளும். மதியம் கடைத்தெருவில் பிரியாணி சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பை இலையில் ஊற்றியவர் நான் போதும் என்று சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. சென்னையில் போதும் என்றால் நிறுத்திவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை காலை புதுக் கேமராவுடன் போனேன். லூர்துமேரி உருவங்களைக் குடில் போலவே அமைத்து வைத்திருந்தார். குழந்தை நடுவில், மாடும் கழுதையும் ஆடும் முன்னால், ராஜாக்கள் பின்வரிசையில். கேமராவைத் தூக்கினேன். செல்வராசு நடுவே வந்து நின்றார்.

“இதுல வேணாம் சார்.”

“முந்தாநாள் எடுத்தேனே மேஸ்திரி. நீங்கதானே திருப்பித் திருப்பி வெச்சீங்க.”

“அது வேற. அதுல எடுத்தா நீங்களே பாக்க முடியாது. வூட்டுக்குப் போயி, கழுவி, அப்பறம்தான் பாப்பீங்க. அதுக்குள்ள இதுங்க சூளைல வெந்து வெளிய வந்துடும். இதுல அப்படியா? பச்சையா நிக்கும்போதே பொட்டியில தெரியுது. அத நாலு பேரு கூடிப் பாப்பாங்க. கண்ணு பட்டா உள்ள போயி வெடிச்சிடும்.”

போன வருடம் ஒருவர் செல்போனில் பச்சைப் பிள்ளையார்களைப் படம் எடுத்து அங்கேயே எல்லாருக்கும் காட்டினாராம். அந்த டிராலியில் பாதிக்குமேல் பிள்ளையார்களுக்குத் தும்பிக்கை வெடித்து விழுந்ததாம். செல்வராசு அந்தச் செல்போனின் நிறத்தைக்கூடச் சொன்னார்.

நான் லூர்துமேரியைப் பார்த்தேன். “எனக்கு அதுல நம்பிக்கை இல்ல சார்” என்றார். “ஆனா அவருக்கு இருக்குது. டிராலி அடுக்குறவரு அவருதான்.”

சாயங்காலம் டிராலி உள்ளே போக வேண்டும். சனிக்கிழமை காலைதான் வெளியே வரும். வெள்ளிக்கிழமை போட்டோ போக வேண்டும். ஃபியூஸ்காரர் டீயோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். ஒரு மணி நேரம் வாதாடினோம். நான் ஒளி, வில்லை, மின்னணு என்று பேசினேன். செல்வராசு பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாக்குறதுதானே சார் தப்பு. எடுக்குறது தப்பில்லையே” என்றார். வழியும் அவரே சொன்னார். ஃபியூஸ்காரரிடம் கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி, கேமராவின் திரை மேல் குறுக்கே இரண்டு பட்டை, நெடுக்கே இரண்டு பட்டை ஒட்டினார்.

“இப்ப அதுவும் ஃபிலிம் மாதிரிதான். எடுங்க.”

என் ஓட்டைக்கு அன்றுதான் நியாயம் பிறந்தது. பெரிய திரை வைத்திருக்கும் ரஃபீக்கின் கேமராவை வாங்கியிருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருக்க முடியும் என்று லூர்துமேரியிடம் கேட்டேன். அவர் ராஜாவின் அங்கியில் ஒட்டியிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார். ராஜாக்களுக்கு அச்சு வெட்ட அவருக்கு ஆறு மாதம் பிடித்ததாம். முகம் மூன்றும் மூன்று மாதிரி. மூன்றாவது ராஜாவுக்கு மட்டும் லேசான சலிப்பு, வெகுதூரம் நடந்து வந்தவரைப் போல.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் மண்டியிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்தேன். பத்திரிகையில் பழகியது விடாது. தலைக்கு மேல் காலி இடம் விட்டால் ஆசிரியர் வெட்டிவிடுவார். கிரீடங்கள் மேல் விளிம்பை உரசும்படி கட்டம் கட்டி ஒன்பது படங்களும் எடுத்தேன். அப்படி நெருக்கமாகக் கட்டம் கட்டுவது எல்லாருக்கும் வராது.

வெள்ளிக்கிழமை மதியம் பிரவுசிங் சென்டருக்கு ஆட்டோவில் போனோம். நான், லூர்துமேரி, காவலுக்குச் செல்வராசு. டிராலி இன்னும் சூளைக்குள்தான் இருந்தது. ஆகவே தடையும் அமலில் இருந்தது. வழியில் லூர்துமேரி கேட்டார்: “மேஸ்திரி, நாம பாக்கக் கூடாது, சரி. புதுச்சேரில அவரு இன்னிக்கே பாப்பாரே?”

செல்வராசு ரயில்வே கேட் வரைக்கும் யோசித்தார். “அவரு வாங்குறவரும்மா. வாங்குறவன் கண்ணு படாது. சும்மா பாக்குறவன் கண்ணுதான் படும்.”

சும்மா பார்ப்பதையே முப்பது வருடம் சம்பளத்துக்குச் செய்தவன் நான். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சென்டர் நடத்தும் பெண் கேமராவை ஒயரில் மாட்டிவிட்டு, “எந்தப் படம் சார், திறந்து பாத்துச் சொல்லுங்க” என்றார். திறக்க வேண்டாம், ஒன்பதையும் அப்படியே அனுப்புங்கள் என்றோம்.

“திறக்காம எப்படிங்க? என்னா படம்னு தெரியணும்ல?” அவர் குரலில் சந்தேகம் ஏறியது. மூன்று பெரியவர்கள், திரையில் டேப் ஒட்டிய ஒரு கேமரா.

“சாமி படம்தாம்மா” என்றார் லூர்துமேரி.

“சாமி படத்தை ஏன் பாக்கக் கூடாது?”

“கவரப் பிரிச்சுப் பாத்துட்டா தபாலு போடுறீங்க?” என்றார் செல்வராசு. அந்தப் பெண் படங்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் தெரியும்படி மாற்றி, எண்களைப் பார்த்தே ஒவ்வொன்றாக இணைத்தார். செல்வராசு கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி எங்கள் எதிரே நின்று, எங்கள் கண்களைக் கண்காணித்தார். ஏழாவது படத்தில் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்பதும் போய்ச் சேர்ந்தன. உலகத்தில் அந்தப் படங்களை யாரும் பார்த்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை டிராலி வெளியே வந்தது. செல்வராசு ஒவ்வொன்றாக எடுத்து விரல் நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பன்னிரண்டும் கணீரென்றன. ஒரு கீறல் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு டேப் ஒட்டிய கேமராவைப் பார்த்தார். வாயால் சொல்லியிருந்தால் தேவலை.

பத்தரைக்கு லூர்துமேரியின் செல்போன் அடித்தது. “சரிங்க... ஆமாங்க... சரிங்க” என்று நெடுநேரம் கேட்டார். வைத்துவிட்டு மூன்றாவது ராஜாவைக் கையில் எடுத்தார்.

“ஆர்டர் குடுத்துட்டாரு சார். ஆடு, மாடு, கழுதை, அப்பறம் குழந்தை. அதுங்கதான் ரொம்ப நல்லா இருக்குதாம். நிக்குறவங்க யாரும் வேணாமாம். எல்லாரும் தோளோட நிக்குறாங்களாம். இது என்னா புது டிசைனான்னு கேக்குறாரு.”

டேப்பைக் கிழித்தேன். ஒன்பது படங்களிலும் ஆட்டின் கம்பளி முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாட்டின் கண் அருமை. பின்னால் ஐந்து அங்கிகள், இரண்டு கம்பளிகள், ஒரு ஜோடி சிறகு, எல்லாம் கழுத்து வரைக்கும். கண் பார்க்கும் ஓட்டை மேலே. படம் பிடிக்கும் லென்ஸ் கீழே. தூரத்தில் இரண்டும் ஒன்றைத்தான் பார்க்கும். கிட்டே போனால் லென்ஸ் பார்ப்பது தாழ்ந்து, தலைகள் வெளியே போய்விடும். என் பழைய கேமரா கிட்டே போகப் போகத் தன் ஜன்னலில் தெரியும் கட்டத்தைத் தானே கீழே இறக்கிக்கொள்ளும். முப்பது வருடமாக அது இறக்கிக்கொண்டிருந்தது. இறக்குவது நான் என்று நினைத்திருந்தேன். காசிமின் கேமராவில் ஓட்டைக்கும் லென்ஸுக்கும் இடையே இரண்டு விரல் அகலம். அளந்து பார்த்தேன். ராஜாவின் தலை உயரமும் அதே இரண்டு விரல்.

“பஸ்ஸுல போனப்ப ஒரு ராஜாவுக்குத்தான் கழுத்து போச்சு” என்றார் லூர்துமேரி.

வேறு படம் எடுத்து இன்றைக்கே அனுப்பலாம் என்றேன். ஏற்றுமதிக்காரர் அன்று காலையே ஊருக்குக் கிளம்பிவிட்டாராம், பேசியது பஸ்ஸிலிருந்து, திரும்பி வரும்வரை இமெயில் பார்க்க மாட்டாராம். செல்வராசு தரையில் குச்சியால் கோடு போட்டு டிராலியைக் கணக்குப் பார்த்தார்.

“ராஜான்னா எடம் வுட்டுத்தான் வெக்கணும். ஆடுன்னா நெருக்கி அடுக்கலாம்மா. டிராலி ரொம்பிடும்.”

லூர்துமேரி ஃபியூஸ்காரருக்குச் சொல்லி அனுப்பினார், டிராலி இல்லையென்று. பிறகு ராஜாக்கள் மூவரையும் செய்தித்தாளில் சுற்றி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தப் பழைய கேமராவுல எடுத்தீங்களே, அது எப்ப சார் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் ஃபிலிமைக் கழுவினேன். பன்னிரண்டு உருவங்களுக்கும் தலை இருந்தது.